கயிறு பிடிக்க ஆள் வேண்டும்



சாரல் விழத் தொடங்கினால் தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டைக்காரர்களுக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போன காலத்தைப் பேசாத கிழவர் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்? ஆனால் சில வருடங்களாக அந்த உற்சாகத்தோடு ஒரு கவலையும் சேர்ந்தே வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2022 ஆகஸ்டில் பேரருவியில் திடீர் வெள்ளம் வந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் பழைய குற்றாலத்தில் 4 வயதுக் குழந்தை ஒன்று தடாகத்திலிருந்து தண்ணீரோடு இழுக்கப்பட்டுக் கீழே பாறை இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. 2024 மே 17 அன்று அதே பழைய குற்றாலத்தில் மதியத்திற்கு மேல் காட்டாற்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. ஜனங்கள் படிக்கட்டுகளில் அலறி அடித்துக்கொண்டு ஓடும் அந்தக் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலைக்குள் கொட்டித் தீர்க்கும். நம் மலை செங்குத்தானது, நீர் வந்து சேரும் தூரம் குறைவு. அதனால் மேலே பெய்தது கீழே வர மணிக்கணக்கு ஆகாது. கலங்கிய நிறத்தையும் சருகு மிதந்து வருவதையும் பார்த்து உள்ளூர்க்காரன் கரையேறிவிடுவான். வெளியூர்க்காரருக்கு அது தெரியாது.

டிசம்பரில் விழுந்த அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. சுற்றுலா வந்திருந்த ஓர் இளைஞர், கார் ஓட்டுநர், யாரையும் கேட்காமல் பாறைகளைப் பிடித்து இறங்கிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரே அவரைப் பாராட்டியது. எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் அவர் இறங்கியபோது அவர் இடுப்பில் ஒரு கயிறு இல்லை. அந்தப் பாறை பாசி பிடித்ததாக இருந்திருந்தால் இரண்டு பேருக்காக நாம் அழுதிருப்போம். தைரியசாலி ஒருவர் அன்றைக்கு அங்கே இருந்தது நம் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு ஊர் சீசன் நடத்த முடியுமா?

2024 மே மாதத்திற்குப் பிறகு எங்கள் தெருப் பையன்கள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கயிறும் கப்பியும்தான் என் பிழைப்பு. "பெரியப்பா, நாங்க ஒரு மீட்புக் குழு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். கயிறு வாங்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான் ஒருவன். "கயிறு கடைல கிடைக்கும்டே. அதைப் பிடிக்க ஆள் எங்க கிடைக்கும்?" என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. அவனுக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கயிறு நமக்குப் புதிதில்லை. பம்பு செட்டு வருவதற்கு முன்னால் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் கமலை இறைத்தார்கள். அதில் இரண்டு கயிறு உண்டு. பாரத்தை இழுப்பது வடம். கூனையின் வாயைக் கட்டுப்படுத்துவது வால் கயிறு. இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்து போனால்தான் தண்ணீர் வாய்க்காலில் விழும். கிணற்றில் ஆடு விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் அந்த வடத்தை அவிழ்த்துக்கொண்டுதான் ஓடுவார்கள். வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி. பிறகு கமலை போயிற்று. கயிற்றைக் கையாளத் தெரிந்த கைகளும் அதோடு போயின.

நீலகிரியில் மலைத்தேன் எடுக்கும் குறும்பர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். கொடியால் செய்த ஏணியில் ஒருவர் பாறை விளிம்பிலிருந்து கீழே இறங்குவார். மேலே அதைக் காத்து நிற்பவர் பெரும்பாலும் அவருடைய மச்சினனாக இருப்பார். தன் உடன்பிறந்தவளை விதவையாக்க எவனும் துணிய மாட்டான் என்பது கணக்கு. கயிற்றின் பலத்துக்கு இணையாக அதைப் பிடிக்கிறவனையும் பார்த்திருக்கிறார்கள். மீட்புக் குழுவின் முதல் பாடம் இதில் இருக்கிறது.

கயிற்றுக்கும் வயசு உண்டு. 2024 ஜூனில் நெல்லையப்பர் தேரோட்டத்தில் வடம் திரும்பத் திரும்ப அறுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வெளியிலிருந்து பார்த்தால் வடம் வடமாகத்தான் இருக்கும். உள்ளே இற்றுப்போனது இழுக்கும்போதுதான் தெரியும். தேர் நின்றால் வேறு வடம் மாட்டி இழுக்கலாம். ஆள் தொங்கும்போது அதற்கு அவகாசம் கிடையாது.

இனி வெளிநாட்டுச் சங்கதி கொஞ்சம். உலகத்தில் முதன்முதலாக ஒழுங்காக அமைந்த மலை மீட்பு அமைப்பு ஆஸ்திரியாவின் வியன்னாவில் 1896-ல் தோன்றியது. அந்த வருடம் பிப்ரவரியில் ராக்ஸ் என்ற மலையில் பனிச்சரிவு ஏற்பட்டு மூன்று பேர் புதைந்து இறந்தார்கள். அதன் பிறகுதான், மலையில் ஆபத்து என்றால் யார் போவது, யார் சொல்வதைக் கேட்பது என்று மலையேறும் சங்கங்கள் கூடிப் பேசி ஒரு குழு அமைத்தன. அவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள். அந்த நாட்டைச் சேர்ந்த கார்ல் புரூசிக் 1931-ல் வெளியிட்ட முடிச்சு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. சிறு கயிற்றைப் பெரிய கயிற்றின் மேல் சுற்றிப் போடும் முடிச்சு அது. பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும். பாரம் நீங்கினால் நகர்த்தலாம். 1953-ல் ஜெர்மனியின் எடல்ரிட் கம்பெனி, உள்ளே நைலான் இழைக் கட்டும் வெளியே பின்னிய உறையுமாக ஒரு கயிறு கொண்டுவந்தது. பாரம் தாங்குவதில் பெரும்பங்கு உள் இழைக்கு, உராய்வைத் தாங்குவது உறைக்கு. இன்று மீட்புக் குழுக்கள் வைத்திருப்பது இந்த வகைக் கயிறுதான்.

வியன்னா தூரமாகத் தெரிந்தால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே வடக்கே போகலாம். மகாராஷ்டிரத்தில் சஹ்யாத்திரி மலைப் பக்கம் கோட்டைகள் ஏறுகிற இளைஞர் சங்கங்கள் பல ஊர்களில் உண்டு. லோனாவாலாவில் சிவதுர்க மித்ர, மகாபலேஷ்வரில் மகாபலேஷ்வர் டிரெக்கர்ஸ் என்று பெயர்கள். கடைக்காரர், வேன் ஓட்டுநர், ஆசிரியர் எனப் பல தொழில்காரர்கள் சேர்ந்தவை இவை. 2018 ஜூலை 28 அன்று, தாபோலி வேளாண் பல்கலைக்கழக ஊழியர்கள் சென்ற பேருந்து அம்பேனளி மலைப்பாதையில் சுமார் 500 அடிப் பள்ளத்தில் விழுந்தது. 31 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்து மேலே ஏறி வந்து தகவல் சொன்னார். கொட்டும் மழையில், வழுக்கும் சரிவில் கயிறு கட்டி இறங்கி உடல்களை மேலே கொண்டுவந்ததில் இந்தச் சங்கத்துப் பிள்ளைகளின் பங்கு பெரியது.

நான் இதில் கவனித்தது ஒன்று. அங்கே பல ஊர்ச் சங்கங்கள் ஒரே இடத்தில் வேலை செய்தன. கயிறு போடும் முறையும் முடிச்சும் பொதுவாக இருந்தால்தான் அது நடக்கும். அந்த மாநிலத்தில் மலையில் மாட்டிக்கொண்டவர்கள் அழைக்க ஒரு பொது உதவி எண்ணும் ஒருங்கிணைப்பு மையமும் வைத்திருக்கிறார்கள். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களுக்கு மையத்திலிருந்து தகவல் போகும்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2015 மே மாதம் சதுரகிரி அமாவாசைக்குப் போனவர்கள் தாணிப்பாறைப் பக்கம் ஓடையில் திடீர் வெள்ளத்தில் மாட்டி, பலர் உயிரிழந்தார்கள். மலையில் சிக்கிய ஆயிரக்கணக்கானவர்களை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்னால் அங்கே ஓடியவர்கள் உள்ளூர்க் கிராமத்து மக்கள். போர்வையில் டோலி கட்டித் தீக்காயம் பட்டவர்களை இருட்டில் சுமந்து வந்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. அவர்களுக்கு முதலில் சோறு பொங்கிக் கொடுத்தவர்களும் பக்கத்துக் கிராமத்து மக்கள்தான்.

எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். முதல் சில மணி நேரம் உள்ளூர்க்காரனுடையது. தேசியப் பேரிடர் மீட்புப் படை 2006-ல் உருவானது. தமிழ்நாட்டுக்கான 4-வது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து தென்காசி சுமார் 600 கிலோமீட்டர். எச்சரிக்கை இருந்தால் முன்கூட்டியே நெல்லைக்கு வந்து தங்குவார்கள். பழைய குற்றாலத்தில் வந்ததைப்போல ஒரு மதிய வெள்ளத்துக்கு அவர்களால் எப்படி வர முடியும்? நம் தீயணைப்பு நிலையத்து வீரர்கள் வருவார்கள். அவர்களும் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான். அன்றைக்கு வேறெங்கோ தீப்பிடித்திருக்கலாம்.

முன்கூட்டிய தயாரிப்பு என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த 3 வயதுக் குழந்தையை மதுரை மணிகண்டன் தாம் உருவாக்கிய கருவியைக் கயிற்றில் இறக்கி உயிரோடு எடுத்தார். விபத்து நடந்த பிறகு யோசித்துச் செய்த கருவி அல்ல அது. முன்பே செய்து கையில் வைத்திருந்தது. கேரளத்தில் பாலக்காடு மலம்புழாவில் 2022 பிப்ரவரியில் செங்குத்துப் பாறையில் சிக்கிய இளைஞரை எத்தனையோ பேர் எடுக்க முயன்றார்கள். ஹெலிகாப்டரும் வந்து பார்த்தது. கடைசியில் ராணுவ வீரர்கள் மலை உச்சிக்கு ஏறி, மேலிருந்து கயிற்றில் இறங்கி, தண்ணீர் கொடுத்து, தம்மோடு சேர்த்துக் கட்டி மேலே தூக்கினார்கள். அதற்குள் 40 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மலையில் ஏறித்தான் இறங்க வேண்டும் என்பது கயிற்று வேலையின் அரிச்சுவடி.

சரி, பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? பையன்களுக்கு நான் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, எப்போதும் இரண்டு கயிறு. ஒன்று ஆளைத் தாங்குவது. இன்னொன்று அது போனால் பிடிப்பது. இரண்டையும் தனித்தனி இடத்தில், தனித்தனி ஆள் பிடிக்க வேண்டும். கமலைக்காரர் பேரனுக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டமில்லை.

இரண்டாவது, கட்டும் இடம். இரண்டு மரத்தில் கட்டி நடுவில் பாரம் தொங்கவிட்டால், கயிறுகளுக்கு இடையே கோணம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கோணம் 120 டிகிரி ஆகிவிட்டால் ஒவ்வொரு கயிறும் முழுப் பாரத்தையும் சுமக்கும். பாதி பாதி என்று நினைத்தவன் ஏமாந்துபோவான். ஸ்டே கம்பி கட்டியவர்களுக்கு இது அத்துப்படி.

மூன்றாவது, தூக்குவது. கப்பிகளை மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாட்டினால் 90 கிலோ ஆளை 30 கிலோ இழுப்பில் தூக்கலாம் என்பது புத்தகக் கணக்கு. உராய்வைச் சேர்த்தால் கூடுதலாக இழுக்க வேண்டும். ஒரு மீட்டர் ஏற்ற மூன்று மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். பாறை விளிம்பில் கயிறு உரசாமல் சாக்கோ பழைய குழாயோ வைக்காவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கயிறும் அறுபடும்.

நான்காவது, சத்தம். அருவி இரைச்சலில் வாய்ச்சொல் கேட்காது. அதனால் விசில். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் மேலே. மூன்று என்றால் கீழே. நான்கு என்றால் கயிற்றை விட்டுவிட்டேன். விடாமல் ஊதினால் ஆபத்து. உலகத்தில் பல குழுக்கள் இப்படித்தான் வைத்திருக்கின்றன.

ஐந்தாவது, தண்ணீர். நம் ஊருக்கு இதுதான் முக்கியம். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். ஓடும் தண்ணீரில் இறங்குகிறவன் இடுப்பில் கயிற்றைச் சாதாரண முடிச்சாகக் கட்டவே கூடாது. கயிறு விறைத்து நின்றால் தண்ணீர் அவனை அமுக்கி உள்ளே தள்ளிவிடும். இழுத்தவுடன் அவிழும் கச்சை வேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கயிறு கட்டினால் பிடித்தவன் நடுவில் போய் மாட்டிக்கொள்வான். சாய்வாகக் கட்டினால் தண்ணீரே அவனைக் கரைக்குத் தள்ளும். முடிந்தவரை இறங்காமல், கரையிலிருந்து மிதக்கும் கயிற்றை வீசுவதே உத்தமம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாவற்றுக்கும் மேலான ஒன்றைச் சொன்னேன். மின்வாரியத்தில் எல்.சி. என்று ஒன்று உண்டு. லைன் கிளியர். சப்ளை நிறுத்தியாயிற்று என்று பொறுப்பானவர் எழுதிக் கொடுக்காமல் யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது. வேலை முடிந்து, ஏறியவர் எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்காமல் சப்ளை விடக் கூடாது. தெருவே இருட்டில் கிடந்து, ஜனங்கள் வந்து சத்தம் போட்டாலும் எல்.சி. இல்லாமல் ஏறியதில்லை. எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு துண்டுக் காகிதம். மீட்புக் குழுவிலும் அப்படி ஒருவர் வேண்டும். அவர் கயிற்றைத் தொடக் கூடாது. ஒதுங்கி நின்று முழு இடத்தையும் பார்க்க வேண்டும். தாய் அழுதுகொண்டு நிற்கும்போதும், கூட்டம் ஏசும்போதும், "இப்போது இறங்க வேண்டாம்" என்று சொல்லும் நெஞ்சுரம் அவருக்கு இருக்க வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இந்தப் பழக்கம் ஒரு நாள் முகாமில் வராது.

ஆள் கணக்கும் பார்ப்போம். ஒரு பாறையில் ஆளைத் தூக்கத் தலைவர் ஒருவர், இறங்குகிறவர், விளிம்பில் நிற்பவர், இரண்டு கயிற்றுக்கு இரண்டு பேர், இழுக்க நாலு பேர், முதலுதவிக்கு ஒருவர் என்று பத்து பேர் ஆகிவிடும். வேலை நாளில் மதியம் அழைத்தால் பத்து பேர் வர வேண்டுமானால் பட்டியலில் முப்பது பேராவது இருக்க வேண்டும். அந்த முப்பது பேரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி அதே முடிச்சைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டும், நனைந்த கையோடும் போட வர வேண்டும். பயிற்சிக்குத் தீயணைப்புத் துறையையோ, முறையாகப் படித்த மலையேற்றப் பயிற்சியாளரையோ அணுக வேண்டும். இணையத்தில் பார்த்துப் பழகக் கூடாது. களத்துக்குப் போனால் அதிகாரிகளின் கட்டளைக்குக் கீழ்தான் நிற்க வேண்டும். காவலும் தீயணைப்பும் ஒன்று சொல்ல, குழு வேறொன்று செய்தால் குழுவே ஒரு தொல்லையாகிவிடும். தலைக்கவசமும் காப்பீடும் இல்லாமல் ஒருவரையும் இறக்கக் கூடாது.

கயிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு வேண்டும். எப்போது வாங்கியது, எத்தனை முறை பயன்பட்டது, யார் கழுவி நிழலில் காயவைத்தார், யார் விரலால் தடவிப் பார்த்தார் என்று எழுதி வைக்க வேண்டும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் நைலான் கயிற்றுக்குப் பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள் என்கிறார்கள். வண்டி இழுக்க ஒருமுறை இரவல் கொடுத்த கயிறு, மீட்புக் கயிறாகத் திரும்பி வராது.

வந்த பையன்களில் இருவர் இதையெல்லாம் கேட்டு, "இவ்வளவு இருக்கா?" என்று எழுந்து போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மிச்சம் இருந்தவர்கள் மறு வாரமே முடிச்சுப் பழக வந்தார்கள். ஒருவன் ஜீப் ஓட்டுகிறான், ஒருவன் மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறான், ஒருவன் கல்லூரியில் படிக்கிறான். இன்னும் அவர்களைக் குழு என்று சொல்ல முடியாது. வீசுகிற கயிறு போய் விழ வேண்டிய இடத்தில் விழ ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு முட்டி வலி, சர்க்கரை. பாறையில் இறங்கச் சொல்லி யாரும் நம்மை அழைக்கப் போவதில்லை. ஆனால் குழுவில் பாதி வேலை கயிற்றில் இல்லை. கயிறு நோட்டு எழுத ஆள் வேண்டும். முப்பது பேரின் போன் எண்ணும் ரத்த வகையும் சரிபார்த்து வைக்க ஆள் வேண்டும். 101, 108, 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்களை அழைத்துப் பதற்றப்படாமல் இடம் சொல்ல ஆள் வேண்டும். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைத் தள்ளி நிற்க வைக்க, அழுகிற தாய்க்குப் பக்கத்தில் உட்கார, நரைத்த தலை வேண்டும். ஆபீசில் முப்பது வருடம் பேரேடு எழுதியவர்கள், பள்ளியில் வருகைப் பதிவு எடுத்தவர்கள், படையில் இருந்து வந்தவர்கள் நம் தென்காசியில் எத்தனை பேர்! 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டம் ஆனோம். அருவிகளைப் பார்க்க நாடே நம் ஊருக்கு வருகிறது. வருகிறவர்கள் பத்திரமாக வீடு திரும்ப நம்மாலான ஒரு முனையைப் பிடித்துக்கொள்வோம்.

உங்கள் தெருவில் இப்படி எண்ணம் உள்ள பிள்ளைகள் இருந்தால், கயிறு வாங்கப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அவர்களைத் தீயணைப்பு நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.